'இட்' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: ஆங்கில வினைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'டிஸ்கஸ் அபவுட் இட்', 'எக்ஸ்ப்ளெய்ன் மீ', 'டர்ன் ஆஃப் இட்'. மூன்றுமே தவறு, ஆனால் ஒரே வகைத் தவறு அல்ல. முதலாவதில் வேண்டாத ப்ரெபொசிஷன் ('அட்', 'ஃபார்', 'டு' போன்ற சிறு சொல்) நுழைந்திருக்கிறது. இரண்டாவதில் வேண்டியது விடுபட்டிருக்கிறது. மூன்றாவதில் சொற்களெல்லாம் சரி, வரிசைதான் பிசகிவிட்டது.

மூன்றுக்கும் வேர் ஒன்று: வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யும் பழக்கம். தமிழில் உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது: அவனை, அவனுக்கு, அவனிடம், அவனோடு. எது வர வேண்டும் என்பதைக் காதே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் ப்ரெபொசிஷன் செய்கிறது. எந்த ப்ரெபொசிஷன், அல்லது எதுவுமே வேண்டாமா என்பதை வினை தீர்மானிக்கிறது. 'அதைப் பார்', 'அதைத் தேடு', 'அதைக் கவனித்துக்கொள்' என்று தமிழில் மூன்றிலும் இரண்டாம் வேற்றுமை உருபு ஒன்றே வருகிறது. ஆங்கிலத்தில் 'லுக் அட் இட்', 'லுக் ஃபார் இட்', 'லுக் ஆஃப்டர் இட்'. உருபை மொழிபெயர்த்து இந்த வேறுபாட்டைப் பிடிக்கவே முடியாது. அதனால் நோட்டில் 'லுக்' என்று மட்டும் எழுதாமல், 'இட்' அல்லது 'ஹிம்' சேர்த்து முழுத் தொடராக எழுதுங்கள். அந்தச் சிறிய ப்ரோநவுன்தான் சரியான அமைப்பைக் காட்டிக்கொடுக்கும்.

வேண்டாத ப்ரெபொசிஷன் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பொருளில் நெருங்கிய இன்னொரு வினையிலிருந்து. 'டாக் அபவுட் இட்' சரி என்பதால் 'டிஸ்கஸ்' என்பதற்கும் 'அபவுட்' ஒட்டிக்கொள்கிறது. 'ஆஸ்க் ஃபார் இட்' சரி. ஆனால் 'ரிக்வெஸ்ட் இட்'. 'ரிப்ளை டு இட்' சரி. ஆனால் 'ஆன்சர் இட்'. 'அரைவ் அட் த ஸ்டேஷன்' சரி. ஆனால் 'ரீச் த ஸ்டேஷன்'. 'கோ இன்டு த ரூம்' சரி; ஆனால் 'என்டர் த ரூம்'. இவற்றை இணை இணையாகப் படித்தால் குழப்பம் வெகுவாகக் குறையும். 'மேரி', 'கான்டாக்ட்', 'மென்ஷன்', 'ரிசெம்பிள்' ஆகியவையும் நேரடியாகவே பொருளை ஏற்கும்: 'ஷி மேரீட் ஹிம்', 'கான்டாக்ட் மீ'. அங்கே 'வித்' வேண்டாம்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. இதே சொற்கள் பெயர்ச்சொல்லாக நிற்கும்போது ப்ரெபொசிஷன் கட்டாயம் திரும்பி வரும்: 'எ டிஸ்கஷன் அபவுட் இட்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்', 'அன் ஆன்சர் டு த கொஸ்டின்'. வினையாக இருந்தால் இல்லை, பெயராக இருந்தால் உண்டு. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எழுதிப் பழகுவது நல்ல பயிற்சி. 'என்டர் இன்டு' என்ற தொடர் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒப்பந்தம் செய்துகொள்வதைக் குறிக்கும் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' சரிதான். அறைக்குள் நுழைய அது உதவாது.

இனி, விடுபடும் இடம். 'கிவ்', 'ஷோ', 'சென்ட்', 'டீச்' போன்றவை இரண்டு வடிவங்களை ஏற்கும்: 'கிவ் மீ த கீ', 'கிவ் த கீ டு மீ'. பொருளும் ஆளும் இரண்டுமே ப்ரோநவுன் ஆனால் 'கிவ் இட் டு மீ' என்பதே பாதுகாப்பான வடிவம். ஆனால் 'எக்ஸ்ப்ளெய்ன்', 'சஜஸ்ட்', 'டிஸ்க்ரைப்', 'மென்ஷன்', 'இன்ட்ரட்யூஸ்' ஆகியவை முதல் வடிவத்தை ஏற்காது. 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்றுதான் வர வேண்டும். 'சே', 'டெல்' இரண்டுக்கும் தமிழில் 'சொல்' என்ற ஒரே சொல் இருப்பதால் அவையும் அடிக்கடி மாறிப்போகின்றன. 'டெல்' உடனடியாக ஆளைக் கேட்கும்: 'ஹி டோல்ட் மீ தட் ஹி வாஸ் பிஸி'. ஆளைச் சொல்ல வேண்டாம் என்றால் 'ஹி செட் தட் ஹி வாஸ் பிஸி'. 'ஹி டோல்ட் தட்' என்பதும் 'ஹி செட் மீ' என்பதும் நிற்காது.

வரிசைப் பிசகு கொஞ்சம் ஆழமான விஷயம். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'லைட்' இருந்த இடத்தில் ப்ரோநவுன் வந்தால் நடுவில் மட்டுமே நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'பிக் மீ அப்', 'ஃபில் இட் இன்', 'ரைட் இட் டவுன்', 'த்ரோ தெம் அவே', 'கால் ஹிம் பேக்' எல்லாம் இதே ரகம். ஆனால் 'லுக் ஃபார் இட்' நடுவில் பிரியாது. 'லுக் இட் ஃபார்' என்று யாரும் சொல்வதில்லை. எது பிரியும், எது பிரியாது என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு.

முதல் சோதனை, பெயரை நடுவில் வைத்துப் பார்ப்பது. 'டர்ன் த லைட் ஆஃப்' ஓடுகிறது; 'லுக் த கீ ஃபார்' ஓடவில்லை. இரண்டாவது சோதனை அழுத்தம். 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது குரல் 'ஆஃப்' மேல் ஏறும். 'லுக் ஃபார் இட்' என்னும்போது 'லுக்' மேல்தான் ஏறும், 'ஃபார்' தணிந்து ஓடிவிடும். முன்னதில் 'ஆஃப்' வினையின் ஒரு பகுதி. பின்னதில் 'ஃபார்' வெறும் ப்ரெபொசிஷன். ஆங்கில உரையாடலைக் கேட்கும்போது இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்தால் விதிப் பட்டியல் அதிகம் தேவைப்படாது. 'லுக் இன்டு இட்', 'டீல் வித் இட்', 'ரன் இன்டு ஹிம்', 'கெட் ஓவர் இட்' பிரியாதவை. 'புட் அப் வித் இட்', 'ரன் அவுட் ஆஃப் இட்' போன்ற மூன்று சொல் தொடர்களில் ப்ரோநவுன் கடைசியில் வரும்.

'டு' என்பதற்குப் பின் வினையின் எந்த வடிவம் என்ற சந்தேகத்தையும் 'இட்' தீர்த்துவைக்கிறது. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' என்று சொல்ல முடிகிறது. எனவே இந்த 'டு' ப்ரெபொசிஷன், பின்னால் வினை 'இங்' சேர்ந்து வர வேண்டும்: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. 'ஐ வான்ட் டு இட்' என்று சொல்ல முடியவில்லை. எனவே 'ஐ வான்ட் டு மீட் யூ'. பலரையும் தடுக்கும் 'யூஸ்ட் டு' இதே சோதனையில் தெளிவாகும்: 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' சரி, 'ஐ யூஸ்ட் டு இட்' சரியல்ல. 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி' என்றால் சீக்கிரம் எழுவது பழகிவிட்டது. 'ஐ யூஸ்ட் டு கெட் அப் எர்லி' என்றால் முன்பு அந்த வழக்கம் இருந்தது, இப்போது இல்லை. 'அக்ரீ' போன்ற சில வினைகள் இச்சோதனைக்கு அடங்காது: 'ஐ அக்ரீட் டு இட்', 'ஐ அக்ரீட் டு பே' இரண்டுமே சரி. 'இன்', 'ஃபார்', 'வித்தவுட்' வந்தால் யோசிக்கவே வேண்டாம்: 'இன்டரஸ்டட் இன் லேர்னிங்', 'தேங்க் யூ ஃபார் கமிங்', 'வித்தவுட் டெல்லிங் மீ'.

'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்பது மரியாதைக்காகச் செய்யப்படும் பிழை. ப்ரெபொசிஷனுக்குப் பின் 'மீ', 'ஹிம்', 'ஹர்', 'தெம்' தான் வரும். 'ஹி கேம் வித் ரவி அண்ட் ஐ' என்பதில் ரவியை எடுத்துவிட்டுப் படியுங்கள். 'வித் ஐ' என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

தமிழில் 'பிடித்திருந்தது', 'கொடுத்துவிட்டேன்' என்று எதை என்று சொல்லாமலே முடிக்கலாம். ஆங்கிலத்தில் 'ஐ லைக்ட்', 'ஐ கேவ் டு ஹிம்' அந்தரத்தில் தொங்கும். 'ஐ லைக்ட் இட்', 'ஐ கேவ் இட் டு ஹிம்' என்று அந்த 'இட்' வாயில் வந்தாக வேண்டும்.

இதே போல விடுபடும் இன்னொரு பிழை 'நான் இருக்கும் வீடு' போன்ற தொடர்களில் நேர்கிறது. தமிழில் 'வீட்டில்' என்ற உருபு அங்கே மறைந்துவிடுவதால் 'த ஹவுஸ் ஐ லிவ்' என்று எழுதிவிடுகிறோம். ப்ரெபொசிஷன் மறையாது: 'த ஹவுஸ் ஐ லிவ் இன்'. அதை நினைவில் வைத்து 'த ஹவுஸ் ஐ லிவ் இன் இட்' என்று ப்ரோநவுனையும் கூட்டிவிட்டால் அதுவும் பிழை. 'எ சேர் டு சிட் ஆன்', 'எ பென் டு ரைட் வித்', 'ஹூ ஆர் யூ வெய்ட்டிங் ஃபார்?' எல்லாவற்றிலும் கடைசிச் சொல் அப்படியே நிற்க வேண்டும். செயப்பாட்டு வினையிலும் அதே கதிதான். புகார் விசாரணையில் இருக்கிறது என்பது 'த கம்ப்ளெய்ன்ட் இஸ் பீயிங் லுக்ட் இன்டு'. கடைசி 'இன்டு' விடுபட்டால் விசாரணை என்ற பொருளே அங்கே இல்லை.