உயிர்த்திரள் வரைபடம் 80 டன்னிலேயே நின்றபோது சரிசெய்தது

காட்டு மரங்களின் உயிர்த்திரளை (உலர் எடையை) ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று வரைபடமாக்கிக்கொண்டிருந்தேன். ஜப்பானின் ஆலோஸ் செயற்கைக்கோளில் உள்ள பால்சார் எல்-பேண்ட் ராடாரின் எச்வி படத்தில் (கிடையாக அனுப்பி, செங்குத்தாகப் பெற்ற சிக்னல்) அடர்காடும் நடுத்தரக் காடும் ஒரே மதிப்பைக் காட்டின. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100–150 டன்னுக்குமேல் எல்-பேண்ட் சிக்னல் ஏறாது. அது அலைநீளத்தின் குணம், மாடலை மாற்றிப் பயனில்லை. ஆனால் 80-லேயே படுத்ததற்குக் காரணம் என் கணக்குதான்.

முதலில் டெசிபல், அதாவது மடக்கை அளவு. மொசைக்கின் (ஒட்டிச் சேர்த்த ராடார் படத்தின்) டிஎன் மதிப்பை, அதாவது பிக்சலில் பதிவான எண்ணை, 10 × லாக்(டிஎன்²) − 83 என்று மாற்றிவிட்டு, அதன்மேல் சராசரி எடுத்திருந்தேன். மடக்கையின் சராசரி எப்போதும் குறைவாகவே வரும், மதிப்புகள் சிதறிய இடத்தில் இன்னும் குறையும். டிஎன்-ஐ வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து, கடைசியில் டெசிபலாக்கினேன்.

பெரிய கோளாறு களப் பிளாட்டில், அதாவது மரங்களை நேரில் அளந்த நிலத்துண்டில் இருந்தது. 20 × 20 மீட்டர் பிளாட் 25 மீட்டர் பிக்சலைக்கூட நிரப்பாது. இலைக்கூரைக்கடியில் ஜிபிஎஸ் வேறு சில மீட்டர் நழுவும். பிளாட் ஓரிடம், பிக்சல் வேறிடம் என்றானால் ராடார் மதிப்பையும் உயிர்த்திரளையும் இணைக்கும் கோடு தட்டையாகிவிடும். 1 ஹெக்டேர் பிளாட், 16 பிக்சல் சராசரி என மாற்றியதும் கோடு நிமிர்ந்தது.

உயிர்த்திரளின் இயல்மடக்கையில் பொருத்திய மாடலை டன்னுக்குத் திருப்பும்போது எக்ஸ்ப்(σ²/2) பெருக்க மறக்காதீர்கள் (σ என்பது மடக்கை அளவில் மாடலின் பிழைச் சிதறல்). σ 0.4 என்றால் விடை 8% கூடும்.