பள்ளியிலிருந்து பணியிடத்துக்குத் தொடரும் தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்பவர்களுக்கு முதல் சில மாதங்கள் வேலை கற்றுக்கொடுப்பது என் பொறுப்புகளுள் ஒன்று. முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை நானும் தொடக்கத்தில் செய்தவையே. நேரம் தவறுவது, எழுத்துப்பிழையோடு மின்னஞ்சல் அனுப்புவது போன்றவற்றை எவரும் சுட்டிக்காட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். வகுப்பறையில் எவர் கண்ணையும் உறுத்தாமல் வளர்ந்து, வேலையில் இழப்பை உண்டாக்கும் பழக்கங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முடியும்வரை வேலையைக் காட்டாமல் வைத்திருப்பது

தேர்வு அறையில் மாணவர் தனியாக எழுதுகிறார். அருகில் இருப்பவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. மணி அடித்த பிறகே விடைத்தாள் இன்னொருவர் கைக்குப் போகிறது. தேர்வுக்கு இது சரியான விதிதான். ஆனால் பள்ளிக் காலம் முழுவதும் இப்படியே மதிப்பிடப்பட்டவர், வேலையையும் முழுமையாக முடித்த பின்னரே காட்ட வேண்டும் என்றும், நடுவில் ஐயம் கேட்டால் தம்மைத் திறமையற்றவராகக் கருதிவிடுவார்கள் என்றும் நம்பிவிடுகிறார்.

கிளைகளின் விற்பனைக் கணக்கைத் தொகுத்து ஓர் அறிக்கை தயாரிக்கும்படி ஓர் இளைஞரிடம் ஒப்படைத்திருந்தேன். சில கிளைகள் திரும்பி வந்த சரக்கைக் கழித்தும், வேறு சில கழிக்காமலும் கணக்கு அனுப்பியிருந்தன. அவர் அனைத்தையும் அப்படியே கூட்டி, வண்ண வரைபடங்களும் பொருளடக்கமும் சேர்த்து, கெடு நாள் மாலையில் கொண்டுவந்து கொடுத்தார். பார்வைக்கு அவ்வளவு நேர்த்தி. ஆனால் மொத்தத் தொகையில் தொடங்கி எதுவுமே பயன்படவில்லை. ஒவ்வொரு கிளையிடமும் மறுபடி கணக்குக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அறிக்கைக்காகக் காத்திருந்தவர்கள் அது இல்லாமலேயே கூட்டத்தை நடத்தினார்கள். பிறகு அவருடைய குறிப்பேட்டைப் புரட்டியபோது, முதல் பக்கத்திலேயே, வேலையைக் கொடுத்த நாளின் தேதிக்குக் கீழே, "ரிட்டர்ன் கழிக்கணுமா?" என்று பென்சிலால் எழுதி வட்டமிட்டிருந்தார்.

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது அந்த வட்டம்தான். கேட்க வேண்டிய கேள்வி எதுவென்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது; அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதற்கு மாற்றும் பள்ளியிலேயே இருக்கிறது. கணக்குத் தேர்வில் இறுதி விடை தவறினாலும், எழுதிக் காட்டிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. அந்தப் பழக்கத்தோடு வாருங்கள்: இதுவரை என்ன செய்தேன், எங்கே நிற்கிறேன், எந்த இரண்டு வழிகள் தெரிகின்றன, அவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்க நினைக்கிறேன் என்று நான்கு வரிகளில் எழுதிக் காட்டினால், உங்களைத் திறமையற்றவர் என்று எவரும் எண்ண மாட்டார்கள். பத்துக் கிளைகளில் ஒரு கிளையின் கணக்கை மட்டும் முடித்தவுடனேயே காட்டிவிடுங்கள். (கேள்வி கேட்டவுடன் எரிந்து விழும் மேலாளரிடம் எவரும் இரண்டாம் முறை போக மாட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், இந்தத் தவற்றில் எங்கள் பங்கும் உண்டு.)

அலகை எழுதாமல் விடுவது

விடை சரியாக இருந்தும் அலகு இல்லையென்று அரை மதிப்பெண் குறைத்த ஆசிரியரைக் கடிந்துகொள்ளாத மாணவர் இல்லை. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது இழக்கப்பட்டதற்கு மூல காரணம் அலகுக் குழப்பமே. கலத்தின் உந்துபொறிகள் தந்த உந்துதலைத் தரையில் இயங்கிய ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடி என்ற அலகில் கொடுக்க, அந்த எண்களைப் பெற்ற மென்பொருள் அவற்றை நியூட்டன் நொடி என்ற வேறோர் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு உண்டு. கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயின் வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. கணக்கு எங்கோ பொருந்தவில்லை என்பதை வழிநடத்தும் குழுவினர் பயணத்தின்போதே கவனித்திருந்தும், அந்த ஐயம் உரிய முறையில் எழுப்பப்பட்டுத் தீர்க்கப்படவில்லை. முதலில் சொன்ன தவறு இங்கேயும் வந்து நிற்கிறது.

தேர்வுக்கு முந்தைய இரவை நம்புவது

படித்தவற்றுள் பெரும்பகுதி விரைவில் மறந்துபோகும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம் நினைவாற்றலையே சோதித்து 1885இல் வெளியிட்டார். ஓர் இரவில் படித்தது மறுநாள் தேர்வுக்குப் போதும்; வேலையிலோ அதே செய்தி அடுத்த மாதமும் தேவைப்படும்.

கூட்டு வேலையில் பெயர் மட்டும் சேர்ப்பது

பெயர் இருந்தால் கேள்வி உங்களிடமும் வரும்.

கோப்புக்கு 'இறுதி' என்று பெயரிடுவது

'இறுதி'க்குப் பிறகும் திருத்தம் வரும்; கோப்பின் பெயரில் தேதியை இடுங்கள்.

வரவேண்டிய விடைக்கு ஏற்ப அளவீட்டை வளைப்பது

நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீட்டர்/நொடி² என்று வர வேண்டும் என்பது மாணவருக்கு முன்பே தெரியும். 9.1 வந்தால், அலைவு நேரத்தைச் சற்றே திருத்தி எழுதி, பதிவேட்டில் கையொப்பம் வாங்கிவிடுகிறார். நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் விட்டதோ, அலைவுகளை எண்ணுவதில் ஒன்று பிசகியதோ அத்துடன் மறைந்துபோகிறது. அதே கை, பணியிடத்தில் இருப்புக் கணக்கு ஏட்டோடு பொருந்தாதபோது ஏட்டிலுள்ள எண்ணையே எழுதிவிடுகிறது. சரக்கு எங்கே குறைந்தது என்று பிறகு தேடுபவருக்கு எந்தத் தடயமும் கிடைக்காது. எண்ணிப் பார்த்தபோது வந்ததை அப்படியே பதிந்து, ஏட்டோடு பொருந்தவில்லை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், தேடுபவர் அந்த நாளிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் போதும்.