கடல் கயாக்: கரையிலேயே நேரும் தவறுகள்

கடலில் கயாக் எனும் குறுகலான துடுப்புப் படகை ஓட்டப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் ஆபத்தானது, கரையோரத் தண்ணீர் அடங்கிக் கிடப்பதைப் பார்த்து வெளிக்கடலும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுவதுதான். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது, குன்றுகளும் மரங்களும் கரையை ஒட்டிய நீரை மறைத்துக் காக்கின்றன. அலைகளின் முதுகுப் பக்கம் மட்டுமே நம் கண்ணுக்குப் படுவதால் அவை உள்ளதைவிடச் சிறியனவாகத் தெரிகின்றன. சில நூறு மீட்டர் போனதும் அந்த மறைப்பு நீங்கி, காற்று பின்னாலிருந்து தள்ளத் தள்ளப் படகு இலகுவாக ஓடத் தொடங்கும். அந்த வேகத்தைத் தம் திறமை என்று எடுத்துக்கொள்பவர், திரும்ப நினைக்கும்போது அதே காற்றை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். காற்றின் வேகம் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கி.மீ.) என்பதிலிருந்து 20 நாட் ஆக உயர்ந்தால் அதன் அழுத்தம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. அமைதியான நீரில் 3 நாட் வேகத்தில் செல்லும் சராசரி ஓட்டுநர் அதற்கு எதிரே ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க நேரலாம்.

1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் நடந்தது இதுவே. எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரண்டு பயிற்றுநர்களும் லைம் ரீஜிஸிலிருந்து அருகிலுள்ள சார்மவுத்துக்குப் புறப்பட்டு, கரைக்காற்றால் கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். கயாக்கின் இருக்கைத் துளையை மூடும் நீர்த்தடுப்பு உறைகள் இல்லாததால் படகுகளில் நீர் நிறைந்தது. அபாய ஒளிச்சுடர்களும் அவர்களிடம் இல்லை. மீட்புப் படைக்குத் தகவல் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. நான்கு மாணவர்கள் இறந்தனர். 1995-இல் அந்நாட்டில் சிறுவர் சாகசப் பயிற்சி மையங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது.

வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திசையையும், கடல்நீர் ஏறி இறங்கும் ஓத நேரத்தையும் விட்டுவிடுவது அடுத்த தவறு. நீரோட்டம் ஒரு பக்கம் போக, காற்று எதிரே வீசினால் அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும். நிலமுனைகளைச் சுற்றி இது இன்னும் மோசமாகும். ஓதம் ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும் இடங்களில், மூன்றாம், நான்காம் மணிகளில்தான் மொத்த நீரில் பாதி நகர்கிறது என்பது பொதுவான கணக்கு. முனையைக் கடக்க அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இயன்றவரை முதலில் காற்றுக்கு எதிராகச் சென்று, களைத்தபின் காற்றோடு திரும்பும்படி வழியை அமைப்பது நல்லது.

வெயிலைப் பார்த்து உடுத்துவதும் தவறுதான், ஏனென்றால் கவிழ்ந்தால் நாம் இருக்கப்போவது வெயிலில் அல்ல, நீரில். 15 பாகை செல்சியஸுக்குக் குறைந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும்; மிகவும் குளிர்ந்த நீரில் பத்து நிமிடங்களுக்குள் விரல்கள் மரத்துப்போய் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக்கூட மாட்ட முடியாது. ஆகவே அதைப் படகில் கட்டி வைக்காமல், புறப்படும்போதே அணிந்து இறுக்கிவிட வேண்டும். கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறும் பயிற்சியை அமைதியான நீரில் மட்டும் செய்து பார்த்துவிட்டு, அலையிலும் அது கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். துணையோடு, கரைக்கு அருகே, சற்றே கொந்தளிக்கும் நீரிலும் பழக வேண்டும்.

குழுவாகச் செல்லும்போது, திரும்பலாம் என்று சொல்ல எல்லோரும் தயங்குவதுண்டு. காற்று இந்த அளவைத் தாண்டினால், அல்லது இந்த நேரத்துக்குள் இன்ன இடத்தை அடையாவிட்டால் திரும்புவோம் என்று கரையிலேயே பேசி முடித்திருந்தால், கடலில் யாரும் துணிச்சலைக் காட்ட வேண்டிய நிலை வராது. குழுவிலேயே அனுபவம் குறைந்தவரின் திறனை வைத்துத்தான் அந்த எல்லைகளை வகுக்க வேண்டும். கடலில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். வானொலிக் கருவியைப் படகின் அறைக்குள் பூட்டாமல் உடலோடு மாட்டிக்கொண்டு, அவசரத்தில் 16-ஆம் அலைவரிசையில் அழைக்கலாம்; கூடவே, எந்த வழியாகச் செல்கிறோம், எப்போது திரும்புவோம், திரும்பாவிட்டால் எத்தனை மணிக்குக் கடலோரக் காவல் படையை அழைக்க வேண்டும் என்பதைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டே படகை இறக்க வேண்டும்.