பானையின் தோளில் ஒரு முதலை: மண்பாண்டத்தில் விலங்குருவம் அமைக்கும் முறை

எருமைத் தயிர்ச் சட்டியிலிருந்து கோயில் கும்பம் வரை மட்டக்களப்பில் மண்பாண்டம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அவற்றின் அழகு பெரும்பாலும் வடிவத்தில்தான் உள்ளது. மேற்புறத்தில் உருவம் ஏதும் இருப்பதில்லை. அத்தகைய பானை ஒன்றின் தோளில் வாவி முதலையையோ அம்பாறைக் காட்டு யானையையோ ஏற்ற விரும்புபவர், உருவத்தை ஒட்டுவது இவ்வேலையின் சிறு பகுதி மட்டுமே என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பானையும் விலங்கும் ஒரே மண்ணால் ஆகி, ஒரே ஈரத்தில் இணைந்து, ஒன்றாகவே சுருங்கினால்தான் உருவம் நிலைக்கும். கைத்திறன் சற்றுக் குறைந்த முதலைகூடப் பார்வைக்கு முதலையாகவே இருக்கும்; ஈரம் பொருந்தாத முதலையோ சூளைக்குப் போகும் முன்பே பல்லியைப் போல வாலை விட்டுவிடும்.

வாவிக்கரையில் கிடைக்கும் மண் வழுவழுப்பாக இருந்து கையை மயக்கும். ஆயினும் அதைத் தவிர்ப்பதே நல்லது. அதிலுள்ள உப்பு, பானை உலரும்போது ஈரத்தோடு மேற்பரப்புக்கு வந்து வெண்மையாகப் பூத்து, செதுக்கிய நுண்கோடுகளை மங்கச் செய்துவிடும். சிப்பித்துண்டுகள் அதைவிடக் கெடுதியானவை. நெருப்பில் சுண்ணாம்பாக மாறும் சிப்பி, சூளையிலிருந்து எடுத்த பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சில நாட்களோ வாரங்களோ கழித்து மேற்பரப்பை வட்டவட்டமாகப் பெயர்த்துவிடும். இதே காரணத்தால் கடல் மணலையும் கலக்கக் கூடாது. உள்நாட்டுப் பக்கத்து வயல் மண்ணும் குளத்து மண்ணும் இவ்வேலைக்கு ஏற்றவை. மண்ணை நன்றாக உலர்த்தி, உடைத்து, இரண்டு மூன்று நாட்கள் நீரில் ஊறவிட்டுக் கரைத்து, நுளம்பு வலை போன்ற நெருக்கமான வலையில் வடித்து, துணியில் பரப்பிப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்று மணலைச் சேர்த்து, காற்றுக்குமிழி இல்லாமல் போகும்வரை பிசைய வேண்டும். பழைய பானையோட்டை இடித்துச் சலித்த தூள் கிடைத்தால் மணலுக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம். அது ஏற்கெனவே சுருங்கி முடிந்த பொருள் என்பதால் வெடிப்பை இன்னும் குறைக்கும்.

வேலையைத் தொடங்குமுன் அந்த மண்ணில் ஒரு பட்டையைச் செய்து, அதில் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள் கீறி உலரவிடுங்கள். உலர்ந்த பின் அந்த இடைவெளி 9.4 ஆகியிருந்தால், மண் நூற்றுக்கு ஆறு சுருங்குகிறது என்று பொருள். நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் மணலைக் கூட்ட வேண்டும். அரை நிமிட வேலையான இந்தச் சோதனையைத் தவிர்த்ததற்காக நான் இழந்த பானைகள் பல.

பானை சக்கரத்தில் வனைந்ததாகவும் இருக்கலாம், மண்ணைக் கயிறுபோல் திரித்துச் சுற்றிச் சுற்றி எழுப்பியதாகவும் இருக்கலாம். 25 சென்ரிமீற்றர் உயரமும், உருவம் அமரும் தோள்ப்பகுதியில் 8 மில்லிமீற்றர் தடிப்பும் தொடக்கத்துக்குப் போதும். வாய் ஒரு கை நுழையும் அளவுக்கு அகன்றிருப்பது முக்கியமானது. உருவத்தை வெளியிலிருந்து அழுத்தும்போது, சுவர் உள்ளே குழிந்துவிடாதபடி மறு கை உள்ளிருந்து தாங்க வேண்டும். கழுத்து ஒடுங்கிய பானைதான் வேண்டுமென்றால், உருவத்தை முதலில் பொருத்திவிட்டுக் கழுத்தைப் பின்னர் எழுப்ப வேண்டும். சமையல் பானையில் உருவம் வைக்கும் ஆசையை விட்டுவிடலாம். தடித்த இடமும் மெல்லிய இடமும் அடுப்பில் ஒரே சீராகச் சூடேறாததால், அத்தகைய பானை நெடுநாள் உழைக்காது.

எல்லா விலங்கும் பானைக்குப் பொருந்துவதில்லை. நான் முதலில் செய்தது மான். நான்கு கால்களும் சுவரை விட்டு விலகி நின்றன. உலர்வதற்குள் மூன்று விழுந்துவிட்டன. உடல் முழுவதும் சுவரில் படிந்து கிடக்கக்கூடிய முதலை, உடும்பு, ஆமை, பாம்பு, மீன் ஆகியவையே மண்ணுக்கு இசைந்தவை. இவற்றுள் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்றது முதலை என்பேன்.

பானை பாதி உலர்ந்து, தொட்டால் கையில் ஒட்டாமலும் நகத்தால் அழுத்தினால் தடம் பதியும் நிலையிலும் இருக்கும்போது, தோளின்மீது மெல்லிய ஈரத்துணியை விரியுங்கள். ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் நீளத்தில் உருட்டிய மண்ணை அதன்மேல் கிடத்தினால், முதலையின் வயிறு பானையின் வளைவைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். தட்டையான தலையையும், நடுவில் பருத்து வாலை நோக்கி ஒடுங்கும் உடலையும் மட்டும் இப்போது அமைத்தால் போதும். செதில்களுக்கு அவசரப்பட வேண்டாம். பின்பு துணியோடு தூக்கி அப்படியே மூடிவைத்து, உருவமும் பானையின் பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். புதியவர்கள் பொதுவாகத் தவறுவது இந்த இடத்தில்தான். இளகிய உருவத்தை இறுகிய பானையில் ஒட்டினால், பானை பாதி சுருங்கி முடித்திருக்க, உருவம் அப்போதுதான் சுருங்கத் தொடங்கும். அந்த வேறுபாடு விளிம்பைச் சுற்றி வெடிப்பாகத் தெரியும்.

இரண்டும் ஒரே பதத்துக்கு வந்ததும் முதலையைப் புரட்டி, வயிற்றுப் பக்கத்தைத் தேக்கரண்டியால் குடைந்து, எங்கும் 7 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு இல்லாதபடி செய்யுங்கள். சூளையில் உருவத்தை வெடிக்கச் செய்வது உள்ளே அடைபட்ட காற்று என்று பலர் சொல்வார்கள். உண்மையில் தடித்த மண்ணுக்குள் தங்கிவிட்ட ஈரம் நீராவியாகிப் பிளப்பதே காரணம். எனினும் குடைந்த உட்பகுதியும் உலர வேண்டும் என்பதால், வாலடியில் சைக்கிள் கம்பியால் ஒரு சிறு துளை இடுவது நல்லது. துளையைப் பானைச் சுவரில் இட்டால் தண்ணீர் ஒழுகும்.

பொருந்தும் இரு பரப்புகளிலும் முள்ளுக்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக ஆழமாகக் கீறி, அதே மண்ணைத் தயிர்போலக் கரைத்த குழம்பைத் தடவுங்கள். உருவத்தை வைத்துச் சற்று அசைத்து அழுத்தினால், ஓரங்களில் குழம்பு பிதுங்கி வெளிவரும். அது வராத இடத்தில் இணைப்பு இல்லை. ஓரம் முழுவதும் நூல்போன்ற மண்திரியைப் பதித்து, முதலையிலிருந்து பானைக்கும் பானையிலிருந்து முதலைக்கும் மாறிமாறி மூங்கில் சீவலால் மண்ணை இழுத்துவிட வேண்டும். கால்களையும் அதே முறையில் பொருத்தலாம். முன்னங்காலில் ஐந்து விரல்கள், பின்னங்காலில் நான்கு என்பதை மறந்துவிடக் கூடாது. வாய் மூடியிருக்கும்போதும் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரியும். அந்த ஒரு பல்லைச் செதுக்கினாலே முகத்துக்குக் களை வந்துவிடும். முதுகுச் செதில்களைச் சிப்பியின் விளிம்பால் வரிசையாக அழுத்திப் பதிக்கலாம். சிப்பி மண்ணுக்குள் கலக்கத்தான் ஆகாது, கருவியாக அதற்கு நிகரில்லை.

யானை செய்வோர் தலையை மட்டும் புடைப்பாக அமைத்து, துதிக்கை முழுவதையும் சுவரில் படியவிட வேண்டும். ஒடியக்கூடிய தந்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே தந்தம் உடையவை.

வேலை முடிந்த பானையைப் பொலித்தீன் பையால் இரண்டு நாட்கள் மூடிவைத்தால் ஈரம் எங்கும் சமமாகிவிடும். பின்பு வால்நுனி, விரல்கள் போன்ற மெல்லிய இடங்களில் மட்டும் ஈரத்துணியைப் போர்த்தி, நிழலில் பத்து நாட்கள் உலரவிடுங்கள். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் காற்றுப்படும் பக்கம் முந்தி உலர்ந்துவிடுவதால், பானையைக் காலையும் மாலையும் திருப்பிவைப்பது அவசியம். மார்கழி மழையில் உலர்ந்த பானைகூட மீண்டும் ஈரத்தை வாங்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ந்தால் அதற்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. சூளைக்கு அனுப்பக் கூடாது.

சூளையில் வேறெந்தப் பானையின் பாரமும் உருவத்தின்மேல் விழாதபடி அடுக்க வேண்டும். தொடக்கத்தில் மூன்று நான்கு மணி நேரம் புகையும் இளஞ்சூடும் மட்டும் போதும். நீர் ஆவியாகும் 100 பாகை செல்சியசைத் தாண்டும்வரை அவசரம் கூடாது. ஊர்ச் சூளை பொதுவாக 700 முதல் 900 பாகை வரை ஏறும். 573 பாகையில் மணலிலுள்ள படிகம் திடீரெனப் பருக்கும். ஆறும்போது அதே இடத்தில் திடீரெனச் சுருங்கும். ஆகவே நெருப்பு அணைந்தவுடன் சூளையைத் திறக்காமல், மறுநாள் கையால் தொடக்கூடிய சூடு வரும்வரை விட்டுவைக்க வேண்டும்.

எடுத்த பானையை விரல் முட்டியால் தட்டினால் மணியோசைபோல் ஒலிக்க வேண்டும். மந்தமான ஒலி எங்கோ கீறல் இருப்பதைக் காட்டும். விரலோ வால்நுனியோ மட்டும் உடைந்திருந்தால், கடையில் கிடைக்கும் பசையில் பானையோட்டுத் தூளைக் குழைத்து ஒட்டி, நிறம் தெரியாமல் தேய்த்துவிடலாம். அப்படிப் பழுதுபார்த்த பானையை அலங்காரத்துக்கு மட்டும் வைக்க வேண்டும். குடிநீர் வைக்கக் கூடாது.