ஸ்டாம்ப் வைக்க பழைய சிடி பெட்டி போதும்

கைவினையில் மை தொட்டு அச்சுப் பதிக்க வாங்கும் கண்ணாடி போன்ற பாலிமர் ஸ்டாம்ப்புகளைப் பழைய சிடி பெட்டிக்குள் ஒட்டி, அலமாரியில் வரிசையாக நிறுத்தி வையுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அவை பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். பிடி தளர்ந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள், மறுபடி ஒட்டும்.

பதிக்கும்போது ஸ்டாம்ப்பை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் அக்ரிலிக் கட்டை (தெளிவான பிளாஸ்டிக் கட்டை) இல்லையா? பெட்டியின் மூடியைக் கழற்றி, வெளிப்பக்கத்தில் ஸ்டாம்ப்பை ஒட்டிப் பதியுங்கள். மூடி வழியாகவே பார்க்கலாம் என்பதால் அச்சு எங்கே விழும் என்று நன்றாகத் தெரியும், எனக்கு இதுதான் பெரிய வசதி. பெரிய டிசைனுக்கு மட்டும் வேண்டாம். அழுத்தும்போது மூடி வளைந்து அச்சு திட்டுத்திட்டாக விழும்.

அப்புறம், வெயில் படும் இடத்தில் வைத்தால் பாலிமர் மஞ்சளாகிவிடும். சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் தானாக ஒட்டாது, பின்புறம் கிளிங் ஃபோம் (வழவழப்பான பரப்பில் ஒட்டி, எடுக்கவும் வரும் மெத்தென்ற தாள்) ஒட்டினால்தான் இந்த வழி சரிப்படும்.