திறந்த பாடநூலை எடுக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

இணையத்தில் கிடைத்த பாடநூல் பிடிஎஃப் ஒன்றை இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, "எங்கள் பள்ளியில் திறந்த கல்வி வளங்களைப் பயன்படுத்துகிறோம்" என்று ஆண்டறிக்கையில் எழுதிவிடுகிறோம். முதல் சறுக்கல் இதுதான். காசில்லாமல் கிடைப்பது வேறு, திறந்த உரிமத்தில், அதாவது எடுத்துத் திருத்திப் பகிர முன்கூட்டியே அனுமதி தந்து, கிடைப்பது வேறு. என்சிஇஆர்டி பாடநூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் பதிப்புரிமை அந்த நிறுவனத்திடமே இருக்கிறது. அனுமதியின்றி அவற்றை வெளியிடுவோர் மீது நடவடிக்கை எடுப்போம் என்று 2024 ஏப்ரலில் எச்சரிக்கையே விட்டார்கள். அதே நிறுவனம் 2013-இல் தொடங்கிய என்ஆர்ஓஇஆர் என்ற இணையக் கல்வி வளக் களஞ்சியமோ, எடுத்துத் திருத்திப் பகிர்வதற்கென்றே வைக்கப்பட்டது. ஆகவே யார் வெளியிட்டார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உரிமம் என்ன என்று பாருங்கள்.

உரிமத்தைப் பார்ப்பவர்களும் பலநேரம் 'சிசி' என்ற இரண்டு எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். 'சிசி' என்பது கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது படைத்தவர் தன் படைப்போடு சேர்த்துத் தரும் ஆயத்த உரிமங்கள். விஷயமே அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் இருக்கிறது. 'என்டி' என்று இருந்தால், மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான்! இதைக் கவனிக்காமல் ஒரு புத்தகம் முழுவதையும் தமிழாக்கிவிட்டால் அதை வெளியிட வழியில்லை. இன்னொரு சிக்கல், கலவை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களில் வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். விக்கிப்பீடியாவுக்கும் 'அதே உரிமம்' நிபந்தனை உண்டு, ஆனால் வணிகத் தடை கிடையாது. இரண்டிலிருந்தும் எடுத்து ஒரே பாடமாக எழுதிவிட்டால் எந்த உரிமத்தில் வெளியிடுவீர்கள்? எதில் வெளியிட்டாலும் மற்றதை மீறியதாகிவிடும். தொடங்கும்போதே வெறும் 'சிசி பிஒய்' உள்ளவற்றைத் தேடுவது தலைவலியைக் குறைக்கும். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் சிறுவர் கதைகள் அப்படிப்பட்டவை. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம்.

சரி, உரிமம் இடம் கொடுக்கிறது. கோப்பு இடம் கொடுக்குமா? தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த வலி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் வருவது ஆங்கில எழுத்துக் குப்பை. திருத்தும் உரிமை காகிதத்தில் இருக்கும், கையில் இருக்காது. யூனிகோடில் உள்ள திருத்தக்கூடிய மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வெளியிடும்போதும் அதைச் சேர்த்தே கொடுங்கள்.

திறந்த வளம் என்றாலே டேப்லெட், இணையம் என்று நினைத்து, முதலில் கருவி வாங்க ஓடுவது அடுத்த தவறு. தென்னாப்பிரிக்காவின் கதை வேறு மாதிரி நடந்தது. 2002-இல் சில முதுநிலை மாணவர்கள், தன்னார்வலர்களின் துணையோடு அறிவியல் பாடநூல்களை இலவசமாக எழுதத் தொடங்கினார்கள். பிற்பாடு அது சியாவுலா என்ற அமைப்பானது. 2012-இல் அரசு அந்தக் கணித, அறிவியல் நூல்களை அச்சடித்தே உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. உரிமம் திறந்திருந்ததால் ஆன செலவு அச்சுக்கும் விநியோகத்துக்கும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த நூல்கள் நாட்டின் புதிய பாடத்திட்டத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தன. பாடத்திட்டத்தோடு ஒட்டாத புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தேர்வு நெருங்கும்போது ஆசிரியர் அதை மூடி வைத்துவிடுவார். கணினி இருந்து இணையம் மட்டும் இல்லாத பள்ளிக்கு கோலிப்ரி, கிவிக்ஸ் போன்ற மென்பொருள்கள் போதும். பாடங்களை ஒருமுறை அவற்றில் இறக்கிக்கொண்டால் அப்புறம் இணைப்பே வேண்டாம்.

பெரும்பாலான திட்டங்கள் படுப்பது ஆசிரியரின் நேரத்தைக் கணக்கில் எடுக்காததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிநாட்டுப் பாடத்தில் வரும் ஆப்பிள் மரத்தை மாமரமாக்க, டாலரை ரூபாயாக்க, கலைச்சொல் பொருந்துகிறதா என்று பார்க்க மணிக்கணக்கில் ஆகும். அதைச் சனி, ஞாயிறுகளில் சும்மா செய்துவிடுங்கள் என்றால் யார் செய்வார்? இரண்டு நாள் பயிற்சி, சான்றிதழ், குழுப்படம் என்று முடிந்துவிடும். வாரத்தில் இரண்டு பாடவேளையை அதற்கென ஒதுக்கி, திருத்தியவரின் பெயரையும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.