சாக்பீஸை உடைத்து அணுவைக் காட்டாதீர்கள்

போன வருடம் பி.எட். கற்பித்தல் பயிற்சிக்காக இரண்டு பேர் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார்கள். குடியாத்தம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர்களில் ஒரு தம்பி அணு பாடத்தைத் தொடங்கினார். டப்பாவிலிருந்து முழு சாக்பீஸ் ஒன்றை எடுத்தார், இரண்டாக உடைத்தார். "இதை இன்னும் உடைச்சா என்ன ஆகும்?" என்றார். என் பேனா அப்படியே நின்றுவிட்டது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே குரலில் கேட்டவன் நான்.

அணு எண்ணையும் நிறை எண்ணையும் மாற்றி எழுதுவது, குறியீட்டில் பெரிய எழுத்து சின்ன எழுத்தைக் குழப்புவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் வரிசைப் பிள்ளைகளே எழுந்து திருத்திவிடுவார்கள். அணு பாடம் நடத்தும் ஆசிரியர்கள் நாம் செய்து, யாரும் திருத்தாமல் வருடக்கணக்கில் ஓடும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

சாக்பீஸ்

உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் உடைக்கவே முடியாத ஒரு துகள் வரும், அதுதான் அணு. இப்படித்தான் நானும் சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நானும் நம்பினேன். தேர்வுத் தாள் வந்தபோது ஒரு பையன் எழுதியிருந்தான்: "சாக்பீஸின் மிகச் சிறிய துகள் சாக்பீஸ் அணு ஆகும். அது வெள்ளையாக இருக்கும்."

நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் எழுதியிருந்தான். மதிப்பெண் எப்படிக் குறைப்பது? கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அதில் கால்சியம், கந்தகம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. சாக்பீஸ் அணு என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்த நாலில் எதுவும் வெள்ளையும் இல்லை.

சரி, ஒரு பையன் தப்பாகப் புரிந்துகொண்டான், அவ்வளவுதானே என்று விட்டேன். விட்டது இன்னும் பெரிய தப்பு. அதே வகுப்பு பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, வெயில் காலத்தில் காட்பாடி தண்டவாளம் ஏன் நீள்கிறது என்று கேட்டேன். "அணு பெருக்குது சார்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. மெழுகு உருகினால் மெழுகு அணு உருகுகிறது. தண்ணீர் அணு ஈரமாக இருக்கிறது. பொருளுக்கு என்னென்ன குணம் உண்டோ அத்தனையும் அணுவின் தலையில் ஏறியிருந்தது. சூடானால் அணு அதிர்வது கூடுகிறது, அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கூடுகிறது, அணு அதே அளவில்தான் இருக்கிறது என்பதைச் சொல்ல எனக்கு அரைப் பருவம் பிடித்தது. அப்படியும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.

உச்சம் ஸ்ரீபுரத்தில் நடந்தது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போயிருந்தோம். மாலை வெயிலில் பொற்கோயில் பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் கேட்டாள், "சார், இதுல கீற ஒவ்வொரு அணுவும் இப்படித்தான் மஞ்சளா மின்னுமா?" நான் வரிசையைப் பார்த்துக்கொண்டே "ஆமாம்மா" என்றேன். பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. தங்கத்தின் மஞ்சள், கோடிக்கணக்கான அணுக்களும் அவற்றின் எலக்ட்ரான்களும் கூட்டாகச் சேர்ந்து ஒளியைக் கையாள்வதால் வருவது. தனி அணுவுக்கு அந்த நிறம் இல்லை. தங்கத்தையே சில பத்து நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) துகளாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் தண்ணீர் சிவப்பாகத் தெரியும். மிக மெல்லிய தங்க ரேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடே வரும் ஒளி பச்சையாக இருக்கும். இத்தனைக்கும் அந்த ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக முன்னூறு, நானூறு அணுக்கள் அடுக்கியிருக்கும். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நேற்று நான் சொன்னது தப்பு என்றேன். "எனக்கு அப்பவே சந்தேகம் சார்" என்றாள்.

இதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது வேறு. அந்தச் சாக்பீஸ் வேலை எதையுமே நிரூபிக்கவில்லை. பத்து சென்டிமீட்டர் சாக்பீஸை நீளவாக்கில் பாதி பாதியாக்கிக்கொண்டே போனால், அணு அளவுக்கு வர சுமார் 29 தடவை ஆகும். கையால் ஏழு, எட்டு தடவைக்கு மேல் முடியாது. எட்டாவதில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, விரலில் மாவுதான் ஒட்டுகிறது. பிறகு ஆசிரியர் "இப்படியே போனால்" என்று கையை வீசுகிறார். அந்தக் கை வீச்சில்தான் அணு பிறக்கிறது! பொருளில் அணுவே இல்லாமல், அல்வா மாதிரி ஒரே தொடர்ச்சியாக இருந்தாலும் அந்த எட்டு உடைப்பும் அச்சு அசலாக இப்படித்தான் நடந்திருக்கும். அணு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி நடக்கிற செயலை அணுவுக்குச் சாட்சி என்று காட்டலாமா?

அதற்குப் பதில் இப்போது நான் செய்வது எண்ணெய். பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் கிளாபம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டார். அது சுமார் அரை ஏக்கருக்குப் பரவி நீரைக் கண்ணாடிபோல் ஆக்கியது என்று 1774-இல் எழுதினார். அரை ஏக்கர் என்றால் 50 சென்ட். எங்கள் பிள்ளைகளுக்கு 50 சென்ட் நிலம் என்றால் உடனே கண்ணில் தெரியும், "அவ்ளோ பெருசா சார்?" என்பார்கள். தேக்கரண்டி 5 மில்லி, பரப்பு சுமார் 2,000 சதுர மீட்டர். வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தடிமன் இரண்டரை நானோமீட்டர் வருகிறது. பிராங்க்ளின் அந்த வகுத்தலைப் போடவில்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

வகுப்பில் தாம்பாளம் போதும். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் கேட்டால் ஒலீயிக் அமிலம் கொஞ்சம் கிடைக்கும், எண்ணெய் போலவே இருக்கும். 1 மில்லியை ஆல்கஹாலில் கலந்து 20 மில்லி ஆக்கி, அதில் 1 மில்லியை எடுத்து மறுபடி 50 மில்லி ஆக்கினால் ஆயிரத்தில் ஒரு பங்குக் கரைசல். தாம்பாளத் தண்ணீரில் முகப் பவுடரை லேசாகத் தூவி, நடுவில் ஒரே ஒரு சொட்டு. பவுடர் சட்டென்று விலகி வட்டமாகத் திறக்கும். வகுப்பு மொத்தமும் "ஆ" என்று எழுந்து நிற்கும், அதற்குத் தயாராக இருங்கள். ஆல்கஹால் தண்ணீரோடு போய்விடும், மேலே நிற்பது அமிலம் மட்டும். எங்கள் சொட்டுப்பானில் 1 மில்லிக்கு 40 சொட்டு. வட்டத்தின் விட்டம் 13 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. தடிமன் ஒரு சென்டிமீட்டரில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 2 நானோமீட்டர்.

அடுத்ததுதான் முக்கியம், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புதுத் தண்ணீரில் இரண்டு சொட்டு விடுங்கள். பரப்பு இரண்டு மடங்கு ஆகும், தடிமன் அதேதான். நான்கு சொட்டு விட்டாலும் அதே 2 நானோமீட்டர். எண்ணெய் தொடர்ச்சியான பொருளாக இருந்தால், அது தன்னிஷ்டத்துக்கு மெலிந்துகொண்டே போக வேண்டியதுதானே? எதற்கு ஒவ்வொரு தடவையும் இந்தத் தடிமனில் வந்து நிற்கிறது? சாக்பீஸில் நின்றது நம் கை. தாம்பாளத்தில் நிற்பது எண்ணெய். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். இரண்டு நிமிடம் ஆனாலும் சரி, பிள்ளைகளில் யாராவது ஒருவர் "அதுக்கு மேல மெலிய எண்ணெய்க்கு வழியில்ல சார்" என்று சொல்லும்வரை.

இந்த 2 நானோமீட்டர் ஒரு மூலக்கூறின் நீளம், அணுவின் அளவு இல்லை. இதையும் மறைக்காதீர்கள். ஒலீயிக் அமில மூலக்கூறில் 18 கார்பன் அணுக்கள் மல்லிச் சரம்போல் கோத்திருக்கின்றன. ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு முனைக்குப் பிடிக்காது. அதனால் வரிசையாக நிமிர்ந்து நிற்கின்றன. 2 நானோமீட்டரை 18-ஆல் வகுத்தால் அணு எந்த அளவில் இருக்கும் என்று கை நீட்டிக் காட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறோம்.

ஜெர்மனியில் ஆக்னஸ் போக்கல்ஸ் என்ற பெண், பாத்திரம் கழுவும் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து, வீட்டிலேயே ஒரு தகரத் தொட்டி செய்து இந்த எண்ணெய்ப் படலங்களை அளந்தார். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891-இல் நேச்சர் இதழில் அச்சானது. பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதைச் சொல்லாமல் நகராதீர்கள்.

வெயில் கோட்டில் ஆடும் தூசி

ஜன்னல் வழியே வரும் வெயிலில் தூசி ஆடுகிறதே, அதுதான் பிரௌனியன் இயக்கம் (மூலக்கூறுகள் இடைவிடாமல் இடிப்பதால் நுண்துகள் ஆடும் ஆட்டம்) என்று சொல்லி நானும் நிறையக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அது காற்றோட்டம். மின்விசிறியை நிறுத்தினால் ஆட்டம் மாறும்.

இதற்கு அடுத்த தவறு செம்பருத்தி மகரந்தம். தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1827-இல் மகரந்தத்தைப் பார்த்தார் என்று படித்ததும் பூவைப் பறித்துக்கொண்டு ஓடுவது. செம்பருத்தி மகரந்தம் மலை மாதிரி, அசையாது. பிரௌன் பார்த்தது மகரந்தத்துக்குள்ளிருந்து வந்த நுண்துகள்களை. அவை உயிருள்ளவையோ என்ற சந்தேகத்தில் கல்லையும் பொடித்துப் பார்த்தார், எகிப்து ஸ்பிங்க்ஸின் துணுக்கு உட்பட. அதுவும் ஆடியது. வகுப்பில் காட்ட ஒரு துளி பாலில் நிறையத் தண்ணீர் விட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து, 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். சின்னக் கொழுப்புத் துளிகள் நிற்காமல் துடிக்கும். வரிசையில் நின்று பார்த்த ஒருவன், "யாரோ இடிச்சிக்கினே கீறாங்க சார்" என்றான். புத்தகத்தில் உள்ள வரையறையைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

"நம்பித்தான் ஆகணும்"

கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது, நம்பு. இப்படிச் சொன்னால் அறிவியல் பீரியடுக்கும் சாமி கும்பிடுவதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். ஒருமுறை ஒரு பையன் என்னை மடக்கினான்: "பாலாத்துல தண்ணியே இல்ல, ஆறுன்னுதான சொல்றோம். அதுமாதிரி அணுவும் கீதுன்னு வச்சிக்கலாமா சார்?" வேலூருக்கே நீரில்லா ஆறு என்று பேர் உண்டு, எங்கள் ஊர்ப் பையன் வேறெப்படிக் கேட்பான்? நான் திருப்பிக் கேட்டேன், "மணலைத் தோண்டினா என்ன வரும்?" "ஊத்து வரும்." "அப்போ நம்பறியா, தெரிஞ்சிக்கிறியா?" பிறகு கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.

சந்தேகப்படும் பிள்ளையை அடக்காதீர்கள். வேதியியலில் பெரிய பெயரான ஒஸ்ட்வால்டே அணுவை வெகுகாலம் ஏற்கவில்லை. ஐன்ஸ்டைன் 1905-இல் துகள்களின் ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டார். பிரெஞ்சு இயற்பியலாளர் பெர்ரன் 1908 முதல் குடம்புளி இனத்து மரப் பிசினின் சிறு உருண்டைகளை நுண்ணோக்கியில் எண்ணி எண்ணி அந்தக் கணக்கைச் சரிபார்த்தார். வெவ்வேறு வழிகளில் போனாலும் அவகாட்ரோ எண் (ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கை) ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. அதன்பின் ஒஸ்ட்வால்ட் ஒப்புக்கொண்டார். சாட்சி வந்தபின் மாறியவர் அவர். நம் பையனுக்கு மட்டும் ஏன் அவசரம்?

சூரியக் குடும்பப் படத்தில் ஆரம்பிப்பது

நடுவில் உருண்டை, சுற்றி வட்டங்கள். முதல் நாளே இதை வரைந்தால் கடைசிவரை அதுதான் நிற்கும். எப்படித் தெரியும் என்பது முதலில், எப்படி இருக்கும் என்பது பிறகு.

கணினிப் படம்

1981-இல் வந்த வருடு ஊடுருவு நுண்ணோக்கியின் (STM) அணுப் படங்கள் அருமையானவை. முதலில் காட்டினால் "கிராபிக்ஸ் சார்" என்பார்கள். கடைசியில் காட்டுங்கள்.

அணுகுண்டு

வேண்டாம். பீரியட் முழுக்கக் கல்பாக்கம்தான் ஓடும்.

அணு என்ற சொல் தமிழில் பழசு

பழசுதான். அது சாட்சி ஆகாது.

தாம்பாளம்

எண்ணெய்ப் பரிசோதனையை முதன்முதலில் செய்தபோது சத்துணவுக் கூடத்துத் தாம்பாளத்தை வாங்கி, சோப்புப் போட்டுத் தேய்த்து வைத்தேன். பவுடரைத் தூவினேன், சொட்டு விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சோப்பு மிச்சம் ஏற்கெனவே தண்ணீர்மேல் படர்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். வெந்நீரில் பலமுறை அலசுங்கள், ஓரத்தை விரலால் தொடாதீர்கள். தலையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வரும் பிள்ளை தண்ணீரில் விரல் வைத்தாலும் கதை முடிந்தது. பவுடர் அதிகமானால் வட்டம் திறக்காமல் பூப்போல் கிழியும். ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர்.

அந்தப் பயிற்சித் தம்பியிடம் மறுவாரம் தாம்பாளத்தைக் கொடுத்தேன். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு எல்லாம் ஒழுங்காக வந்தது. அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு பெண், "அரைச் சொட்டு விட்டா சார்?" என்றாள். தம்பி என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரே யோசித்து, கரைசலில் அதே அளவு ஆல்கஹால் ஊற்றி, மறுபடி ஒரு சொட்டு விட்டார். விட்டம் 9 சென்டிமீட்டர். அந்தப் பெண் ரஃப் நோட்டில் பரப்பைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.